அவலாஞ்சிக்கு ஓர் ஆற்றுப்படை

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவில் பேச என்னை அழைத்தபோது, சங்க இலக்கியத்தில் ஏதேனும் ஒரு தலைப்பை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நான் ஊர்ப்பெயர் ஒன்றையே தலைப்பாகக் கேட்டுப் பெற்றேன். அதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அது எனக்குப் பெருமை தரும் காரணம் அன்று.

ஒரு கேள்வி

நான் பிறந்தது எமரால்டை அடுத்த மின்வாரியக் குடியிருப்பில். என் தந்தையார் குந்தா மின்திட்டத்தில் பணியாற்றியவர். தாயார் தேயிலை கிள்ளப் போனவர். கல்வி என்னைக் கோவைக்கு இறக்கியது. ஆற்றுப்படை நூல்களில் இடப்பெயர்கள் என்னும் பொருளில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றேன். ஐந்தாண்டுகள் அந்த ஆய்விலேயே கழிந்தன. இன்ன ஊர் இன்ன அடியில் வருகிறது, உரையாசிரியர் அதற்கு இன்ன பொருள் கொள்கிறார் என்று அட்டை அட்டையாகக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் மாணவியரை அவலாஞ்சிக்கு அழைத்துச் சென்றேன். சாலையைக் கடந்து ஏரியை நோக்கி ஓடிய ஒரு சிற்றோடையைக் காட்டி, "இதற்கு என்ன பெயர் அம்மா?" என்று ஒரு மாணவி கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. வண்டி ஓட்டுநரிடம் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. "நீங்கள் இந்த ஊர்தானே?" என்று அந்தப் பெண் மீண்டும் கேட்டாள். அவள் குறும்பாகக் கேட்கவில்லை, வியப்பாகத்தான் கேட்டாள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஊர்களின் பெயர்களை ஆராய்ந்து பட்டம் பெற்ற நான், என் வீட்டு வாசலிலிருந்து நடந்து போகக்கூடிய தொலைவில் ஓடும் நீருக்குப் பெயர் அறியாமல் நின்றேன். அந்த நாணத்திலிருந்தே இவ்வுரை பிறந்தது.

ஆங்கிலேயரின் ஊர்நூல்

ஊரைப் பற்றி நூல் எழுதுவதில் ஆங்கிலேயர் வல்லவர். இங்கிலாந்தில் ஒரு தேவாலயமும் அதைச் சூழ்ந்த சில சிற்றூர்களும் சேர்ந்தால் அது ஒரு பங்கு. அந்தச் சிறு வட்டத்துக்குள் பிறப்போர், மணப்போர், இறப்போர் பெயர்களை ஏட்டில் பதிந்துவைக்க வேண்டும் என்ற ஆணை 1538ஆம் ஆண்டிலேயே பிறந்தது. ஆண்டுதோறும் ஊரார் ஒன்றுகூடிப் பங்கின் எல்லையைச் சுற்றி நடந்து, எல்லைக் கற்களைச் சிறுவர்களுக்குக் காட்டி நினைவில் பதிக்கும் வழக்கமும் அங்கு இருந்தது. தேவாலயத்தின் வாயிலில் சிறு வழிகாட்டி நூல் ஒன்றை இன்றும் பல ஊர்களில் காணலாம். எந்தத் தூண் எந்த நூற்றாண்டினது, எந்த மரம் எவர் நட்டது, ஆற்றுப் பாலம் எப்போது கட்டப்பட்டது என்றெல்லாம் அதில் இருக்கும். அதை எழுதியவர் பெரும்பாலும் அவ்வூர்ப் பள்ளி ஆசிரியராகவோ ஓய்வு பெற்ற ஒருவராகவோ இருப்பார்.

இவ்வகை நூல்களுக்கெல்லாம் தலையாயது கில்பர்ட் ஒயிட் எழுதிய செல்போர்ன் இயற்கை வரலாறு. 1789இல் வெளிவந்த அந்நூல் ஆம்ப்சயர் மாவட்டத்தின் ஒரு சிறு பங்கைத் தவிர வேறெதையும் பேசவில்லை. ஆசிரியர் அவ்வூரிலேயே பிறந்து, அவ்வூர்த் திருச்சபையிலேயே பணிபுரிந்து, அங்கேயே மறைந்தவர். நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களாக அமைந்த அந்நூலில் மண்புழுவின் பயனைப் பற்றிப் பேசுகிறார். தம் தோட்டத்து ஆமையைப் பற்றிப் பேசுகிறார். பார்வைக்கு ஒன்றுபோலவே தோன்றும் மூன்று சிறு பறவைகளை அவற்றின் குரலைக் கேட்டே வெவ்வேறு இனம் என்று பிரித்தறிந்தார். இருநூறு ஆண்டுகள் கடந்தும் அந்நூல் பதிப்பிக்கப்பட்டு வருகிறது. சிறிய இடத்தைத் தொடர்ந்து கவனித்தவரின் நூல் என்பதே அதன் சிறப்பு. பாவலர்கள் இதனை மனங்கொள்ள வேண்டும்.

மலையைப் பற்றி எழுதியவர்கள்

இந்தப் பழக்கத்தை ஆங்கிலேயர் நம் மலைக்கும் கொண்டுவந்தனர். கோவை மாவட்ட ஆட்சியர் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1829இல் உதகையில் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பெயர்த்து எடுத்த மரங்கள் அதன் கூரையைத் தாங்குகின்றன. தேவாலயம் எழும்பிய சில ஆண்டுகளிலேயே, 1834இல், மருத்துவர் பெய்க்கி நீலகிரியைப் பற்றி நூல் எழுதிவிட்டார். 1880இல் கிரிக் எழுதிய மாவட்டக் கையேடும், 1908இல் பிரான்சிசு எழுதிய மாவட்ட விவரச் சுவடியும், அதே ஆண்டில் பிரைசு எழுதிய உதகை வரலாறும் தொடர்ந்தன. இவற்றின் உழைப்பை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. இன்றும் நீலகிரியைப் பற்றி எழுதப் புகுவோர் இந்நூல்களைப் புரட்டாமல் நகர இயலாது.

எனினும் ஒன்றை நோக்க வேண்டும். இம்மலையைப் பற்றி எழுதியவர் ஒவ்வொருவரும் ஏதேனும் ஒன்றைத் தேடி வந்தவர். தோடரைக் குறிப்பிடும் மிகப் பழைய ஆவணம் 1117ஆம் ஆண்டுக் கன்னடக் கல்வெட்டு. போசள மன்னன் விட்டுணுவர்த்தனனின் படைத்தலைவன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றினான் என்கிறது அது. எழுத்தில் அம்மக்கள் முதன்முதல் தோன்றுவதே அஞ்சியவர்களாகத்தான். அடுத்து 1603இல் கள்ளிக்கோட்டையிலிருந்து வந்த பெனிசியோ என்னும் இயேசு சபைத் துறவி, மலையில் மறைந்து வாழும் பழைய கிறித்தவர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டுத் தேடினார். அவர் தேடியவர்கள் கிடைக்கவில்லை. எருமை மேய்க்கும் தோடரைக் கண்டு கடிதம் எழுதினார். பிறகு வந்த மருத்துவர் நோயுற்ற வெள்ளையர்க்கு நல்ல காற்றைத் தேடினார். வேட்டைக்கு வந்தவர் விலங்கைத் தேடினார். ஓடைகளில் தம் நாட்டு மீன் இல்லாக் குறையைப் போக்க 1907இல் அவலாஞ்சியில் டிரவுட் மீன்குஞ்சுப் பொரிப்பகம் அமைத்தனர். நூல்களில் குந்தா மலைப்பகுதி, உதகையிலிருந்து துப்பாக்கியோடும் தூண்டிலோடும் போய்வரும் இடமாகவே பெரும்பாலும் காட்சி தருகிறது. தம் நாட்டுச் செல்போர்னுக்கு அங்கேயே வாழ்ந்த ஒருவர் நூல் எழுதினார். அவலாஞ்சிக்கோ போய்த் திரும்பியவர்கள் எழுதினார்கள்.

நம் வழிகாட்டி நூல்

நம்மிடம் ஊர்நூல் மரபு இல்லையா என்றால், உண்டு. அதற்கு ஆற்றுப்படை என்று பெயர். பரிசில் பெற்று வருபவன் பெறாதவனுக்கு வழி சொல்லும் இலக்கியம் அது. பத்துப்பாட்டுள் செம்பாதி ஆற்றுப்படைகளே. அவற்றுள் மலைநாட்டு வழிகாட்டியாகவே அமைந்தது பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம். 583 அடிகளால் ஆன அப்பாட்டு நன்னனது நாட்டுக்குச் செல்லும் கூத்தரை நோக்கிப் பேசுகிறது.

ஆய்வுக்காக நான் பலமுறை படித்த அந்தப் பாட்டை, ஓடைக் கேள்விக்குப் பின்னர் மீண்டும் ஒருமுறை படித்தேன். முன்னர் உவமைகளையும் ஊர்ப்பெயர்களையும் தேடியவள், இம்முறை அது வழிப்போக்கனுக்கு உண்மையில் எதைச் சொல்கிறது என்று பார்த்தேன். பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும், இரவில் நடவாதே என்கிறது. பாம்பு ஒடுங்கிய குழிகள் உண்டு, பார்த்துப் போ என்கிறது. தினைப்புனத்தில் யானையை விரட்டக் கவண்கல் எறிவார்கள், மரத்தின் மறைவில் ஒதுங்கிப் போ என்கிறது. வழுக்கும் பாறையைச் சொல்கிறது. கொடியைப் பற்றி இறங்க வேண்டிய இடத்தைச் சொல்கிறது. இரவானால் எந்தக் குகையில் தங்கலாம், எந்தக் குடியில் என்ன உணவு கிடைக்கும் என்று சொல்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, வழிகள் பிரியும் சந்திகளில், பின்னால் வருவோர் தடம் மாறாதிருக்கப் புல்லை முடிந்து வைத்துச் செல்லுங்கள் என்கிறது.

இந்தப் புல் முடிச்சைப் பற்றி என் ஆய்வேட்டில் ஒரு வரிகூட இல்லை. அது ஊர்ப்பெயர் அன்று. ஆகவே என் குறிப்பட்டையில் இடம்பெறவில்லை. இன்று எண்ணிப் பார்க்கையில் ஆற்றுப்படையின் அறம் முழுவதும் அந்த முடிச்சில்தான் இருக்கிறது எனத் தோன்றுகிறது. வழிகாட்டி நூல் எழுதுபவன் தான் கடந்துவிட்டதோடு நில்லாமல், முன்பின் அறியாத ஒருவன் பின்னால் வருகிறான் என்று நினைக்க வேண்டும்.

எல்லையைச் சுற்றி நடக்கும் வழக்கமும் நமக்கு அயலானது அன்று. சோழர் செப்பேடுகள் ஓர் ஊரைக் கொடையாக வழங்கும்போது, பெண் யானையை நடத்தி எல்லை வகுத்ததைப் பதிவு செய்கின்றன. எந்த வாய்க்காலுக்குக் கிழக்கு, எந்த மரத்துக்குத் தெற்கு, எந்தப் புற்றுக்கு மேற்கு என்று நிலத்தை அங்குலம் அங்குலமாகச் சொல்லிச் செல்லும் அந்த உரைநடை, நம் மொழியின் தொடக்ககால ஊர்நூல் எனலாம்.

அவலாஞ்சி என்னும் பெயர்

இனி ஊருக்குள் செல்வோம். உதகையிலிருந்து லவ்டேல் பக்கமாக இறங்கி, உருளைக்கிழங்கும் கேரட்டும் விளையும் முத்தோரை பாலாடாவைக் கடந்து, இத்தலார், எமரால்டு வழியாக அவலாஞ்சிக்கு வருகிறோம். இந்தத் தொலைவு முப்பது கிலோமீட்டருக்கும் குறைவு. ஆனால் இதற்குள் எத்தனை மொழிகள் பெயர்ப்பலகைகளில் படிந்திருக்கின்றன என்று பாருங்கள். லவ்டேலும் எமரால்டும் ஆங்கிலம். இத்தலார் படுகர் வழங்கும் பெயர். மந்து என்று முடியும் பெயர்கள் தோடர் குடியிருப்பைச் சுட்டுவன. உதகமண்டலமே அப்படிப்பட்ட ஒரு மந்திலிருந்து வந்ததுதான்.

அவலாஞ்சி என்ற பெயரைக் கேட்டவுடன் தமிழாசிரியர்களுக்குக் கை பரபரக்கும். அவல் என்றால் பள்ளம். ஆகவே பள்ளமான இடம் அவலாஞ்சி என்று சொல்லிவிடத் தோன்றும். நானும் மாணவப் பருவத்தில் அப்படி ஒரு கட்டுரை எழுதிப் பரிசு பெற்றிருக்கிறேன். அது பிழை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கே ஒரு பெரிய மலைச்சரிவு நிகழ்ந்தது. பனிமலை சரிவதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் அவலாஞ்சு என்ற சொல்லை, பனிமலையே இல்லாத இவ்விடத்துக்கு வெள்ளையர் பெயராக வைத்தனர். ஆல்ப்சு மலையில் பிறந்த சொல் பிரெஞ்சு வழி ஆங்கிலத்தில் நுழைந்து, கப்பலேறி வந்து, நம் மக்களின் நாவில் இகரம் பெற்று அவலாஞ்சி ஆயிற்று.

காஞ்சி, வஞ்சி என்பனபோல ஒலிக்கும்படி மக்கள் அதைத் தமிழாக்கிக்கொண்ட திறம் வியக்கத்தக்கது. புறத்திணையுள் காஞ்சி என்பது நிலையாமையைப் பாடும் திணை. மண் நிலையாது சரிந்ததால் பெயர் பெற்ற ஊர், காஞ்சியோடு எதுகைபோல் ஒலிப்பது தற்செயலே. ஆயினும் இந்தத் தற்செயலை ஒரு பாவலர் கைவிட மாட்டார் என்று நம்புகிறேன்.

ஒரு பேரிடரே ஊர்ப்பெயராக நிற்கிறது. அந்தச் சரிவுக்கு முன்னர் அந்தப் பள்ளத்தாக்கை அங்கு மேய்த்துத் திரிந்த மக்கள் எப்படி அழைத்தார்கள் என்பதுதான் ஊர்நூல் எழுதுவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி.

நான்கு மலை, பல மக்கள்

படுகர் தம் நாட்டை நாக்குபெட்டா என்பர். நான்கு மலை என்பது பொருள். அந்நான்கில் ஒன்று குந்தெ. நாம் இப்போது நிற்கும் பகுதி அதைச் சேர்ந்தது. கோத்தருக்கு நீலகிரியில் ஏழு ஊர்கள்; ஒவ்வொன்றும் கோக்கால் எனப்படும். அவற்றுள் ஒன்று குந்தா கோத்தகிரி. இரும்புத் தொழிலும் மட்கலத் தொழிலும் இசையும் அவர்தம் பழந்தொழில்கள்.

தோடரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் பாவலர்கள் என்பதே காரணம். ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் மட்டுமே பேசும் அவர்தம் மொழி, தமிழுக்கு உறவான திராவிட மொழி. எமனோ என்னும் அமெரிக்க மொழியறிஞர் 1930களில் இம்மலையில் தங்கி அம்மொழியைக் கற்றார். 1971இல் தோடர் பாடல்களைப் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். அப்பாடல்களில் ஒவ்வொரு பொருளுக்கும் மரபு வகுத்த இணைத்தொடர்கள் உண்டு. ஒரு தொடரைச் சொன்னால் அதன் இணையையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கட்டுக்குள் நின்றுகொண்டு, அன்று நிகழ்ந்த எதையும் அப்போதே பாட்டாக்க அவர்களால் முடியும். யாப்பு கவிதைக்குத் தளையா, இறக்கையா என்று நம் வட்டத்தில் பத்தாண்டுகளாக நடக்கும் வழக்குக்கு அங்கே ஒரு சாட்சி இருக்கிறது.

1906இல் ரிவர்சு தோடரைப் பற்றி எழுதிய நூல் இன்னொரு செய்தியைத் தருகிறது. பால்மனையில் சொல்லும் அவர்தம் வேண்டுதலின் பெரும்பகுதி பெயர்களால் ஆனது. மந்து, குன்று, ஓடை, எருமை, பால்மனை ஒவ்வொன்றுக்கும் அன்றாட வழக்கில் ஒரு பெயரும் வேண்டுதலில் மட்டும் வழங்கும் புனிதப் பெயரும் உண்டு. அந்தப் புனிதப் பெயர்களை அடுக்கிச் சொல்வதே வேண்டுதல். இது நமக்குப் புதிதா? அப்பர் அடிகளின் அடைவுத் திருத்தாண்டகமும் சுந்தரரின் ஊர்த்தொகையும் ஊர்ப்பெயர்களை அடுக்கியே இறைவனைத் தொழவில்லையா? இடப்பெயரைச் சொல்வதே வழிபாடு என்னும் உணர்வில் தேவார மூவருக்கும் பால்மனைப் பூசகருக்கும் இடையே தொலைவு மிகுதியாக இல்லை. நான் பெயர் அறியாது நின்ற அந்த ஓடைக்கும் யாரோ ஒருவரின் வேண்டுதலில் ஒரு பெயர் இருக்கக்கூடும்.

பின்னால் வந்தவர்களும் ஊராரே. அணை கட்ட வந்த தொழிலாளர், தேயிலைக்கு வந்தவர், 1964இன் சிறிமாவோ சாத்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி நீலகிரியில் குடியமர்ந்தவர் ஆகியோரை விட்டுவிட்டு எழுதும் நூல் குறையுடையது. பழங்குடியினர் மட்டுமே மண்ணுக்குரியவர், மற்றவர் வெறும் வரவு என்று சொல்வதும் பிழை. வந்தவர் கணக்கை மட்டும் எழுதிப் பழங்குடியினரைக் காட்சிப் பொருளாக்குவது அதனினும் பெரிய பிழை.

நீருக்குள் போனது

நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் அவலாஞ்சி ஏரியும் எமரால்டு ஏரியும் இயற்கை ஏரிகள் அல்ல. கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா நாட்டின் உதவியோடு 1956இல் தொடங்கிய குந்தா நீர்மின் திட்டத்தின் அணைநீரே அது. இரு அணைகளும் 1961இல் நிறைவெய்தின. மேல்பவானியின் நீர் அவலாஞ்சி மின்நிலையம் வழியே இறங்குகிறது. போர்த்திமந்து முதலிய மேற்குப் பக்கத்து நீரும் இங்கே வந்து சேர்கிறது. இங்கிருந்து குந்தா, கெத்தை, பரளி, பில்லூர் என்று படிப்படியாக இறங்கும் ஒரே நீர் இடத்துக்கு இடம் மின்சாரமாகிறது. போர்த்திமந்தை மேல்நீர்த்தேக்கமாகவும் அவலாஞ்சி எமரால்டு ஏரிகளைக் கீழ்நீர்த்தேக்கமாகவும் கொண்டு 500 மெகாவாட் நீரேற்று மின்திட்டமும் வகுக்கப்பட்டுள்ளது.

என் குடும்பம் உண்ட சோறு இந்த நீரிலிருந்து வந்தது. ஆகவே அணையைப் பழித்துக் கவிதை பாட எனக்கு நா எழாது. சமவெளியில் பம்புசெட்டு ஓடியதும் விளக்கு எரிந்ததும் இம்மலையின் கொடை. ஆனால் நீர் உயர்ந்தபோது பள்ளத்தாக்கின் புல்வெளியும் ஓடைக்கரையும் அவற்றின் பெயர்களோடு அடியில் போயின. போர்த்திமந்து என்று அணைக்குப் பெயர் வைத்தோம். அந்த மந்து என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இரண்டையும் ஒரே நூலில் எழுதும் நேர்மை நமக்கு வேண்டும்.

புல்வெளியும் சோலையும்

ஆங்கில நூல்கள் செய்த பெரும்பிழை ஒன்று உண்டு. மலையின் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த காடும், முதுகெங்கும் திறந்த புல்வெளியுமாக இம்மலை இருப்பதைக் கண்டு, புல்வெளியை வெற்றிடம் என்று எண்ணினர். அங்கே சீகை மரத்தையும் யூக்கலிப்டசையும் நட்டனர். விடுதலைக்குப் பின்னரும் பல்லாண்டு காலம் நாம் அதையே தொடர்ந்தோம். மழைநீரைப் பஞ்சுபோல் பிடித்து வைத்து, ஓடைகளுக்குக் கோடையிலும் சொட்டுச் சொட்டாக விடுவது அந்தப் புல்வெளியும் சோலையும் சேர்ந்த அமைப்புதான் என்பது மெல்ல மெல்லத்தான் புரிந்தது. சங்கப் பாடல்களில் வருடை எனப்படும் விலங்கு, இன்று நாம் வரையாடு என்று அழைக்கும் நம் மாநில விலங்கு, அந்தப் புல்லை நம்பி வாழ்வது. அதற்கென ஒரு பாதுகாப்புத் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2023இல் தொடங்கியது.

மொழியைப் பற்றி மகிழத்தக்க செய்தி ஒன்று. இந்த மலைக்காட்டுக்கு ஆங்கிலத்தில் வேறு சொல் இல்லை. சோலா என்றே எழுதுகிறார்கள். அது நம் சோலை. இங்கு வாழும் ஒரு சிறு பறவைக்கு ஆங்கிலப் பெயரே நீலகிரி சோலைக்கிளி. 2017இல் அதன் பேரினத்துக்கு அறிவியலார் இட்ட இலத்தீன் பெயரிலும் சோலை புகுந்துவிட்டது. உலகம் நம் சொல்லை எடுத்துக்கொண்டது. ஆனால் நம்மிடையே எத்தனை பேர் அப்பறவையின் குரலை அறிவோம்? குரல் கேட்டு மூன்று பறவைகளைப் பிரித்த செல்போர்ன்காரரை இங்கே மீண்டும் நினைக்கிறேன்.

மழை எழுதிய பக்கம்

2019 ஆகஸ்டு 8ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அவலாஞ்சியில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அடுத்த 24 மணி நேரத்தில் அது 900 மில்லிமீட்டரையும் தாண்டியது. சென்னை நகரம் ஓராண்டு முழுவதும் காணும் சராசரி மழையைவிட மிகுதியாக இந்தச் சிற்றூர் இரண்டே நாளில் கண்டது. சரிவுகள் பெயர்ந்தன, சாலைகள் அறுந்தன. செய்தித்தாள்களில் அவலாஞ்சி என்ற பெயர் முதல் பக்கத்துக்கு வந்தது. ஒரு வாரத்தில் மறைந்தது. பெயர் தன் பொருளை மீண்டும் ஒருமுறை மெய்ப்பித்துவிட்டுப் போயிற்று.

அந்நாள்களில் எமரால்டில் இருந்த என் உறவினர் ஒருவர் சொன்னார்: "பெரியவர்கள் சில இடங்களில் வீடு கட்டக்கூடாது என்பார்கள். ஏன் என்று கேட்காமல் விட்டுவிட்டோம்." மலைபடுகடாம் பாடிய புலவர் செய்தது இதைத்தான். எங்கே வழுக்கும் என்று சொல்வது வருணனை அன்று; உயிர் காக்கும் செய்தி. ஓர் இடத்தின் பெயர் மறக்கப்படும்போது அந்தப் பெயருக்குள் பொதிந்திருந்த எச்சரிக்கையும் மறைந்துபோகிறது.

என் தாயார் வழங்கிய பெயர்

முடிக்கும் முன் என் குறையை முழுவதுமாகச் சொல்லிவிடுகிறேன். நான் சிறுமியாக இருந்தபோது என் தாயாரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் விறகுக்குப் போவார்கள். திரும்பி வந்து காலில் ஒட்டிய அட்டைகளைச் சுண்ணாம்பு தடவி எடுத்தபடி, அன்று போன இடங்களைப் பற்றிப் பேசுவார்கள். ஒவ்வொரு சரிவுக்கும் அவர்களிடம் ஒரு பெயர் இருந்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள் அவை. தோடர் சொன்னவையும் அல்ல, வெள்ளையர் வைத்தவையும் அல்ல. சுமையோடு நடந்த பெண்கள் தங்களுக்குள் அடையாளத்துக்காக வைத்துக்கொண்டவை. எனக்கு நினைவிருப்பது ஒன்றே ஒன்று: அட்டைக்காடு. மற்றவற்றை நான் காதில் வாங்கவில்லை, தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

என் தாயார் மறைந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆய்வுக்காகக் கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைகளில் முதியவர்களைத் தேடிப்பிடித்து, ஒலிப்பதிவுக் கருவியை முன்னால் வைத்துப் பேட்டி எடுத்தவள் நான். என் தாயாரிடம் ஒருநாள்கூட அந்தக் கருவியை வைக்கவில்லை. அந்த ஓடையின் பெயர் அவருக்குத் தெரிந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள்

பத்தாண்டு நிறைவுக்கு நாம் மலர் வெளியிடுகிறோம். பதினோராம் ஆண்டில் ஓர் ஊர்நூலைத் தொடங்குவோம் என்பது என் வேண்டுகோள். பெரிய நூல் வேண்டா. அவலாஞ்சியும் அதைச் சூழ்ந்த சில ஊர்களும் மட்டும் போதும். ஆளுக்கு ஓர் ஓடையை எடுத்துக்கொள்வோம். அதன் கரையில் வாழ்வோர், மேய்ப்போர், கிள்ளுவோர், மீன் வளர்ப்போர் அனைவரிடமும் அதன் பெயரைக் கேட்போம். ஒரே ஓடைக்கு நான்கு மொழிகளில் நான்கு பெயர் கிடைத்தால் நான்கையும் எழுதுவோம். எது சரி என்று தீர்ப்பு வழங்க வேண்டா. சொல்ல விரும்பாதவரை வற்புறுத்த வேண்டா. வேண்டுதலுக்கு மட்டும் உரிய பெயர் என்று ஒருவர் மறைத்தால், அதை மறைவாகவே இருக்க விடுவோம். எங்கே மண் சரிந்தது, எந்த ஆண்டு, எவ்வளவு தொலைவு என்பதைக் கட்டாயம் எழுதுவோம். கவிதைகள் அதற்குப் பின்னர் தாமே வரும்.

அந்தக் கேள்வி கேட்ட மாணவி இப்போது ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. அண்மையில் தொலைபேசியில் பேசினாள். விடுமுறையில் சென்று ஒரு படுகர் மூதாட்டியிடம் அந்த ஓடையின் பெயரைக் கேட்டறிந்ததாகச் சொன்னாள். என்ன பெயர் என்று கேட்டேன். "நீங்களே வந்து அவரிடம் கேளுங்கள் அம்மா, நான் வழி சொல்கிறேன்" என்றாள். எந்தத் திருப்பத்தில் இறங்க வேண்டும், எந்த வீட்டுக்கு முன்னால் நாய் இருக்கும், எந்தப் பாறையில் கால் வைக்கக் கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் சொன்னதை அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு போகிறேன். உடன்வர விரும்புவோர் விழா முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுக்கலாம்.